வைகாசியில் நின்றது, ஐப்பசியில் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: ஐயா, வீட்டுத் தேவைக்கும் கொஞ்சம் விற்பனைக்குமாகச் சிறுவிடைக் கோழி வளர்க்கிறேன். வைகாசியில் பொரித்த ஐம்பது குஞ்சுகளுக்கு மூன்றாம் வாரம் இரத்தக்கழிச்சல் வந்தது. மஞ்சள், பூண்டு, வேப்பிலை, சீரகம் அரைத்து, உருண்டை பிடித்து ஐந்து நாள் கொடுத்தேன். நின்றுவிட்டது. இரண்டு குஞ்சுகள்தான் போயின. அதன்பின் நோய் வராமலிருக்க வாரத்துக்கு ஒருமுறை அதே கலவையில் ஒரு தேக்கரண்டி தீவனத்தில் சேர்த்து வந்தேன். ஐப்பசிக் குஞ்சுகளுக்கும் அப்படியே. ஆனாலும் கழிச்சல் வந்தது. வந்தபின் அதே டப்பா மஞ்சள், அதே மரத்து வேப்பிலை, அதே ஐந்து நாள். பதினெட்டுக் குஞ்சுகள் போய்விட்டன. கலவையில் என்ன குறை? பக்கத்து வீட்டுக்காரர், “இப்போதெல்லாம் மூலிகைக்குச் சக்தி கிடையாது, எல்லாம் உரம் போட்டு வளர்த்தது” என்கிறார். இன்னொரு சந்தேகமும் உண்டு: அதே வாரம் எங்கள் ஆட்டுக்குட்டிக்கும் கழிச்சல். கோழியிடமிருந்து ஒட்டிக்கொண்டதா?
— வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: அம்மா, கோழிச் சீக்கு பற்றி எழுதுகிறவர்கள் என்ன மருந்து கொடுத்தோம் என்பதை விரிவாக எழுதுவார்கள், எந்த மாதம் என்பதை எழுத மாட்டார்கள். நீங்கள் இரண்டு மாதங்களின் பெயரையும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதிக்குமேல் அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லிவிடலாம். மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் பொருள் குர்குமின். அது இரகத்துக்கு இரகம் கூடும், குறையும். இரண்டு சதவீதம் உள்ள கிழங்கும் உண்டு, ஐந்து சதவீதம் உள்ள கிழங்கும் உண்டு. ஆகவே அவர் சொல்வது முழுக்க அபத்தம் அல்ல. ஆனால் நீங்கள் எடுத்தது ஒரே டப்பா. வேம்பும் உங்கள் வாசலில் நிற்கும் அதே மரம். அதற்கு யார் யூரியா வைத்தார்கள்? இரண்டு குஞ்சுக்கும் பதினெட்டுக் குஞ்சுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த டப்பாவுக்குள் தேடிப் பயனில்லை.

அதைவிடப் பெரிய தவறான எண்ணம் ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், எல்லோருக்கும் உள்ளதுதான். “கலவை கொடுத்தேன், ஐந்து நாளில் நின்றது, ஆகவே கலவையால் நின்றது” என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். ஐப்பசியில் அது ஏன் தோற்றது என்று கேட்பதற்கு முன், வைகாசியில் அது ஜெயித்ததா என்று கேட்க வேண்டும்.

அதற்கு இந்த நோய் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இரத்தக்கழிச்சலை உண்டாக்குவது புழு அல்ல, வைரஸும் அல்ல. ஐமீரியா என்ற ஓரணு உயிரி; அதாவது ஒரே ஒரு செல்லால் ஆன, குடல் சுவருக்குள் புகுந்து பெருகும் ஒட்டுண்ணி. (இதனால்தான் குடற்புழு நீக்க மருந்து எத்தனை முறை ஊற்றினாலும் இந்தக் கழிச்சல் அசைவதில்லை. புழுவுக்கான மருந்து புழுவுக்கு மட்டும்தான்.) கோழியைத் தாக்கும் ஐமீரியாவில் ஏழு வகைகளைப் பாடநூல்கள் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் குடலில் தனித்தனி இடம் உண்டு. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளில் பளிச்சென்ற இரத்தமாகக் கழிய வைப்பது பெரும்பாலும் ஐமீரியா டெனெல்லா. அதன் இடம் குருட்டுக்குடல். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் இரண்டு முட்டுச்சந்துப் பைகளாகக் கோழிக்கு இருக்குமே, அது. செத்த குஞ்சை அறுத்துப் பார்த்தால் அந்த இரண்டு பைகளும் இரத்தம் கட்டி, கருஞ்சிவப்பாக உப்பியிருக்கும்.

குஞ்சு இந்த ஒட்டுண்ணியை முட்டை வடிவில் விழுங்குகிறது. ஊசிஸ்ட் என்பது அதன் பெயர்: தடித்த ஓடு போர்த்திய நுண்முட்டை. ஒரு மில்லிமீட்டர் இடத்தில் ஏறத்தாழ ஐம்பதை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சிறியது. ஒரு முட்டைக்குள் எட்டு உயிரிகள் இருக்கும். குடலில் ஓடு உடைந்ததும் அவை வெளியேறி, ஒவ்வொன்றும் குடல் சுவரின் ஒரு செல்லுக்குள் நுழைகிறது. அங்கே முதல் தலைமுறை பெருகுகிறது; ஒன்று 900 வரை ஆகலாம். செல்லை வெடித்து வெளியே வந்து, பக்கத்துச் செல்களுக்குள் நுழைந்து, இன்னும் ஆழமாக, இரண்டாம் தலைமுறை. அது வெடிக்கும்போதுதான் இரத்தக்குழாய்கள் கிழிகின்றன. விழுங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் அது ஏறக்குறைய ஐந்தாம் நாள். நீங்கள் கூளத்தில் இரத்தத்தைப் பார்ப்பது அன்றைக்குத்தான்.

அதற்குப்பின் நடப்பதுதான் முக்கியம். இந்த உயிரி முடிவில்லாமல் பெருகிக்கொண்டே போவதில்லை. இரண்டு மூன்று தலைமுறையோடு நிறுத்திக்கொண்டு, ஆண் பெண் வடிவங்களாகி, புது முட்டை உண்டாக்கி, ஏழாம் நாள் வாக்கில் எச்சத்தோடு வெளியே போய்விடும். குஞ்சு உயிர் பிழைத்திருந்தால் எட்டாம் ஒன்பதாம் நாளில் தலை தூக்கித் தீவனம் கேட்கும். இரத்தம் தெரிந்ததிலிருந்து எண்ணினால் மூன்று, நான்கு நாள். நீங்கள் உருண்டை கொடுத்தது ஐந்து நாள்!

ஆக, வைகாசியில் உங்கள் கலவை கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும் கழிச்சல் அநேகமாக அந்த வாரத்திலேயே நின்றிருக்கும். தானே அடங்கும் நோய்களுக்கெல்லாம் இந்தக் குணம் உண்டு. கடைசியாக யார் மருந்து கொடுத்தார்களோ அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்துவிடும். சளிக்குக் கஷாயம் கொடுத்த பாட்டியும் மாத்திரை கொடுத்த டாக்டரும் இப்படிப் பெயர் வாங்கியவர்கள்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இரத்தம் கழியும் குஞ்சு தீவனத்தைத் தொடாது. சிறகைத் தொங்கவிட்டு, மூலையில் ஒண்டி, கண்ணை மூடி நிற்கும். நீங்கள் தீவனத்தட்டில் வைத்த உருண்டையைத் தின்றவை யார்? தெம்பாக இருந்தவை. அவை பிழைத்தன. மருந்து தின்றதால் பிழைத்தனவா, பிழைக்கக்கூடிய நிலையில் இருந்ததால் மருந்தைத் தின்றனவா? இந்த ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டால் கோழி வைத்தியம் பற்றிக் கேள்விப்படும் கதைகளில் பாதியைத் தள்ளிவிடலாம்.

இனி, ஐப்பசியில் ஏன் பதினெட்டு? நோய் தானே அடங்கும் என்றால் அப்போதும் அடங்கியிருக்க வேண்டாமா? அடங்கத்தான் செய்தது. ஆனால் அடங்குவதற்குள் எத்தனை குஞ்சு பிழைக்கும் என்பதைத் தீர்மானிப்பது, ஒவ்வொரு குஞ்சும் எத்தனை நுண்முட்டையை விழுங்கியது என்ற கணக்கு. நூறு விழுங்கிய குஞ்சுக்குக் குடலில் ஆங்காங்கே கீறல். ஒரு இலட்சம் விழுங்கிய குஞ்சுக்குக் குருட்டுக்குடலின் உட்சுவரே உரிந்து போகும்.

அந்தக் கணக்கை ஏற்றுவதும் இறக்குவதும் ஈரம். எச்சத்தோடு வெளியே விழும் நுண்முட்டை உடனே நோய் தராது. அது முதிர வேண்டும். முதிர்வதற்கு மூன்று வேண்டும்: காற்று, இதமான சூடு, ஈரம். 25 முதல் 30 டிகிரி சூட்டில், நனைந்த கூளத்தில், இரண்டே நாளில் தயாராகிவிடும். நம் ஊர்க் கோழிக்கொட்டகையில் காற்றுக்கும் சூட்டுக்கும் எந்த மாதமும் பஞ்சமில்லை. மாறுவது ஈரம் ஒன்றுதான். வைகாசி வெயிலில் உமி நொறுங்கக் காய்ந்திருக்கும். விழுந்த முட்டைகளில் பெரும்பகுதி முதிராமலே வற்றிப்போகும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை. சாரல் அடிக்கும், தரை ஓதம் ஏறும், குளிருக்குப் பயந்து நீங்களே சாக்குப்படுதாவை இறக்கிக் கட்டியிருப்பீர்கள். விழுந்த முட்டையெல்லாம் முதிரும். குஞ்சு கிளறிக் கிளறித் தின்னும். ஏழு நாளில் அதன் வயிற்றிலிருந்து இலட்சக்கணக்கில் புதிது விழும். இரண்டு நாளில் அவையும் தயார்.

உங்கள் பாட்டி காலத்தில் இந்த நோய் இல்லை என்று யாராவது சொன்னால், அதற்கும் காரணம் மூலிகை அல்ல. தாய்க்கோழியோடு தோட்டம் முழுக்க மேய்ந்த குஞ்சு, இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று நுண்முட்டையைச் சிறுகச் சிறுக விழுங்கியது. அப்படி விழுங்கினால் நோய் வருவதற்குப் பதில் எதிர்ப்புச் சக்தி வரும். அதே ஐம்பது குஞ்சை ஒரு கொட்டகையில், ஒரே பல்பின் கீழ், ஒரே கூளத்தில் மூன்று வாரம் விட்டால் கதை வேறு.

சரி, அப்படியானால் மூலிகையே வீண்தானா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் அது வேலை செய்யும் நேரம் வேறு, அளவு வேறு, சில சமயம் இடமும் வேறு.

நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தம் தெரியும்போது இரண்டாம் தலைமுறை வெடித்து முடிந்துவிட்டது. அதன்பின் மஞ்சளைக் கொட்டுவது வெள்ளம் வீட்டுக்குள் வந்தபின் வரப்பை உயர்த்துவது போலத்தான். தீவனத்தில் சேர்க்கும் எந்தப் பொருளும், அது மூலிகையானாலும் கம்பெனி மருந்தானாலும், நுண்முட்டை உடைந்து உயிரி வெளிவரும் நேரத்திலும் முதல் தலைமுறை பெருகும் நேரத்திலும் குடலில் இருந்தாக வேண்டும். அந்த நேரம் உங்களுக்குத் தெரியாது. வெளியே எந்த அறிகுறியும் இருக்காது. அதனால் முதல் வாரத்திலிருந்து ஆறு, எட்டு வாரம் வரை நாள் தவறாமல் கொடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை என்பது ஒட்டுண்ணிக்கு ஆறு நாள் விடுமுறை.

அளவைப் பார்ப்போம். அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுவது. அவர்கள் மஞ்சளைத் தீவனத்தில் ஒரு சதவீதம் சேர்த்தார்கள். ஒரு சதவீதம் என்றால் கிலோவுக்கு 10 கிராம். மூன்று வாரக் குஞ்சு நாளைக்கு ஏறத்தாழ 20 கிராம் தின்னும் என்று வைத்துக்கொண்டால், உங்கள் ஐம்பது குஞ்சுக்கு ஒரு நாள் தீவனம் ஒரு கிலோ. ஒரு நாள் மஞ்சள் 10 கிராம். வாரத்துக்கு 70 கிராம். நீங்கள் கொடுத்தது வாரத்துக்கு ஒரு தேக்கரண்டி. அது முழுக்க மஞ்சளாகவே இருந்தாலும் 5 கிராம்தான், பதினான்கில் ஒரு பங்கு. அதிலும் நான்கு பொருள் கலந்திருக்கிறது. குழம்புக்கு அது சரியான அளவு.

அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மஞ்சள் விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. மஞ்சளால் பலன் தெரிந்தது சிறுகுடலின் மேற்பகுதியையும் நடுப்பகுதியையும் தாக்கும் இரண்டு வகை ஐமீரியாவில்தான். உங்கள் குஞ்சுகளை இரத்தமாகக் கழிய வைக்கும் டெனெல்லா இருப்பதோ கீழே, குருட்டுக்குடலில். டெனெல்லாவின் புண்ணைக் குறைத்தவை என்று அவர்கள் கண்டவை ஆளிவிதை, மீன் எண்ணெய் போன்ற, ஒமேகா-3 என்ற வகைக் கொழுப்பு நிறைந்த பொருள்கள். மூலிகை என்று சொன்னதும் நமக்கு மீன் எண்ணெய் நினைவுக்கு வருவதில்லை, பாவம்.

ஓமத்துக்கும் இதே இடப் பிரச்சினை. அதன் மணத்துக்குக் காரணமான தைமால் என்ற எண்ணெய்ப்பொருள் ஒட்டுண்ணியின் மேலுறையைச் சிதைக்கக்கூடியது. ஐரோப்பியக் கோழித்தீவனங்களில் ஓரிகானோ என்ற இலையின் எண்ணெயோடு சேர்த்து இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அப்படியே கொடுத்தால் குடலின் மேற்பகுதியிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும், கீழே போய்ச் சேருவது கொஞ்சம். அதனால்தான் நல்ல தயாரிப்புகளில் அந்த எண்ணெயைக் கொழுப்பு உறைக்குள் அடைத்து, மெல்லக் கரையும்படி செய்கிறார்கள். சமையலறை ஓமத்தையும் அந்தப் பொட்டலத்தையும் ஒன்றாக எண்ணி விலையை ஒப்பிடுவது சரியல்ல.

பூண்டில் அல்லிசின். பல்லை நசுக்கினால் மட்டுமே உண்டாகும் காரப்பொருள் அது. வேகவைத்தால் போய்விடும், அரைத்து நெடுநேரம் வைத்தாலும் குறையும். கண்ணாடித் தட்டில் ஐமீரியாவின் மீது விட்டால் நன்றாகவே அடக்குகிறது. கோழியின் வயிற்றுக்குள் போனபின் ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. பூண்டுக்கு மட்டுமல்ல, அநேகமாக எல்லா மூலிகைக்கும் இதே நிலைமைதான். “ஆய்வில் நிரூபிக்கப்பட்டது” என்று டப்பாவில் எழுதியிருந்தால், தட்டிலா, கோழியிலா என்று கேளுங்கள்.

வேப்பிலையில் மட்டும் சற்று எச்சரிக்கை வேண்டும். அதிகமானால் கசப்பால் தீவனம் எடுப்பது குறைந்து எடை ஏறாது. வளரும் குஞ்சுக்குத் தீவனம் குறைவதைவிடப் பெரிய நோய் இல்லை. சீரகத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கெடுதல் செய்யாது, மணமாக இருக்கும்.

இந்த வரிசையில் எனக்கு மதிப்பு உள்ள ஒன்று ஆர்ட்டிமிசியா அன்னுவா என்ற சீனச் செடி. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் அதிலிருந்து கிடைப்பது. அதற்காகத்தான் 2015-இல் தூ யூயூ அம்மையாருக்கு நோபல் பரிசு. மலேரியாக் கிருமிக்கும் ஐமீரியாவுக்கும் உறவு உண்டு, இரண்டும் ஒரே பெருங்கூட்டத்தைச் சேர்ந்த ஓரணு உயிரிகள். அதனால் கோழியில் முயன்றார்கள். ஸ்பெயினின் ஜராகோசா நகர ஆய்வாளர்கள் 2010-இல் கண்டது சுவையான செய்தி: ஆர்ட்டிமிசினின் கொடுத்த கோழிகளில் டெனெல்லாவின் நுண்முட்டைக்கு ஓடு சரியாக உருவாகவில்லை, வெளியே விழுந்த முட்டைகளில் முதிர்வதும் குறைந்தது. அதாவது இன்றைக்கு நோயுற்ற குஞ்சுக்கு அது பெரிதாக உதவாவிட்டாலும் அடுத்த வாரம் கூளத்தில் கிடக்கப்போகும் முட்டைகளைக் குறைக்கிறது. உடனே மரிக்கொழுந்தைப் பறித்துப் போட்டுவிடாதீர்கள். மரிக்கொழுந்தும் மாசிப்பத்திரியும் இதன் பங்காளிகள்தான். ஆனால் ஆர்ட்டிமிசினினுக்குப் பேர்போனவை அல்ல.

இதையெல்லாம் கேட்டால் மூலிகை பலவீனமானது என்று தோன்றும். பலவீனமானதுதான். வேடிக்கை என்னவென்றால், இந்த ஒரு நோயில் அந்தப் பலவீனத்துக்கு ஒரு பயன் இருக்கிறது. ஐமீரியாவைக் கொஞ்சமும் சந்திக்காத குஞ்சுக்கு எதிர்ப்புச் சக்தி வராது. மருந்தை நிறுத்திய மறுவாரம் மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் 1952-லிருந்து விற்பனையில் உள்ள இரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து என்பதே உயிருள்ள நுண்முட்டைகளைக் கொஞ்சமாகக் கொடுப்பதுதான். ஒட்டுண்ணியை முழுக்கத் துடைக்காமல், எண்ணிக்கையை மட்டும் தாழ்த்தி வைக்கும் தீவனச் சேர்ப்பு, குஞ்சு தானே எதிர்ப்பைக் கட்டிக்கொள்ள இடம் விடுகிறது. ஆனால் கூளம் ஏற்கெனவே காய்ந்து, விழுங்கும் கணக்கு குறைவாக இருக்கும்போதுதான் இந்த உதவி எடுபடும். சேறாகக் கிடக்கும் கொட்டகையில் பத்து சதவீதம் குறைத்து என்ன ஆகப்போகிறது?

“இயற்கை மருந்து, கெமிக்கல் மருந்து” என்று பிரித்துப் பேசுவதையும் இந்த இடத்தில் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். பண்ணைகளில் தீவனத்தில் கலக்கும் ஹாலோஃபூஜினோன் என்ற மருந்து, சாங்ஷான் என்று சீனர்கள் காய்ச்சலுக்குக் கொடுத்துவந்த செடியின் சத்தைத் திருத்தி உண்டாக்கியது. 1971-இல் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்து கறிக்கோழித் தொழிலின் போக்கையே மாற்றிய மொனென்சின், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா சுரப்பது. இரண்டுக்கும் மூலம் இயற்கைதான். மூலிகையா கம்பெனியா என்பதைவிட, எந்தப் பொருள், எவ்வளவு, எந்த நாளில் என்பதுதான் குஞ்சுக்கு முக்கியம்.

எனவே இரத்தத்தைக் கண்ட அன்று உருண்டை பிடிக்க உட்காராதீர்கள். செத்த குஞ்சு ஒன்றை நெகிழிப்பையில் கட்டி, அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப்போங்கள். அறுத்துப் பார்த்தால் டெனெல்லாவா வேறு ஏதாவதா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். மருத்துவர் அநேகமாக ஆம்புரோலியம் போன்ற மருந்தைத் தண்ணீரில் கலக்கச் சொல்வார். தண்ணீரில் ஏன் என்றால், தீவனத்தை வெறுக்கும் குஞ்சும் தண்ணீர் குடிக்கும். ஏற்கெனவே இரத்தம் கழியும் குஞ்சை அது கட்டாயம் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. இன்னும் முதல் தலைமுறைக் கட்டத்தில் இருக்கும், பார்வைக்கு நன்றாகத் தெரியும் குஞ்சுகளை அது காப்பாற்றும். அன்றைக்கு அவைதான் எண்ணிக்கையில் அதிகம். அந்த நாட்களில் தெம்புக்கென்று பி-காம்ப்ளெக்ஸ் டானிக்கைச் சேர்த்து ஊற்றும் வழக்கம் பலரிடம் உண்டு. வேண்டாம். ஆம்புரோலியம் வைட்டமின் பி1 போல வேடமிட்டு ஒட்டுண்ணியை ஏமாற்றிப் பட்டினி போடும் மருந்து. நீங்கள் அசல் பி1-ஐயே ஊற்றினால் வேடம் கலைந்துவிடும். டானிக்கை மருந்து முடிந்தபின் கொடுக்கலாம். இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யை வேண்டுமானால் மருத்துவரிடம் கேட்டுச் சேர்க்கலாம்.

கூளத்துக்கு வருவோம். உமியை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். விரித்தால் உதிர வேண்டும். கட்டியாக நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. தினமும் ஒருமுறை கிளறிவிடுங்கள். தண்ணீர்க்கலனைச் சுற்றி ஒரு முழ வட்டம் எப்போதும் நனைந்திருக்கும். நோய் தொடங்கும் இடம் அதுதான். கலனைச் செங்கல் மேல் ஏற்றி, அதன் விளிம்பு குஞ்சின் முதுகு மட்டத்தில் இருக்கும்படி வையுங்கள். அந்த வட்டத்து உமியை மட்டும் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மாற்றினால் போதும், முழுக் கூளத்தையும் அள்ள வேண்டாம். படுதாவைக் கீழ்ப்பக்கம் கட்டி, மேலே ஒரு முழம் காற்றுக்கு விடுங்கள். பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் நுண்முட்டையின் ஓட்டை ஒன்றும் செய்யாது; வாசனைக்குத்தான். சுண்ணாம்பு ஈரத்தை இழுக்கும் அளவில் உதவும். அந்த ஓட்டுக்குப் பகை சூடும் வறட்சியும். ஒரு ஈடு குஞ்சு முடிந்து அடுத்தது இறங்கும் முன் கூளத்தை முழுக்க அப்புறப்படுத்தி, தரையை வெயிலில் காயவிட்டு, மூலைமுடுக்குகளில் கொதிநீர் ஊற்றுங்கள். பெரிய பண்ணைக்காரர்கள் தீப்பீய்ச்சியால் தரையை வாட்டுவதும் இதற்காகத்தான்.

இவ்வளவும் செய்தபின் மூலிகைச் சேர்ப்பு உங்கள் கொட்டகையில் பயன் தருகிறதா என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் (உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இருக்கும் என்றே தோன்றுகிறது), தையில் பொரிக்கும் குஞ்சுகளை இரண்டாகப் பிரியுங்கள். ஒரே தாய்க்கூட்டம், ஒரே நாள் பொரிப்பு, ஒரே தீவனம், நடுவில் ஒரு வலை. ஒரு பக்கம் மட்டும் முதல் வாரத்திலிருந்து தீவனத்தில் ஒரு சதவீதம் மஞ்சள், அன்றன்று நசுக்கிய கொஞ்சம் பூண்டு. ஆறாம் வாரம் இரு பக்கமும் எடை போடுங்கள். நான்காம் வாரத்தில் இரு பக்க எச்சத்தையும் தனித்தனிப் புட்டியில் மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்குக் கொடுத்தால், ஒரு கிராம் எச்சத்தில் எத்தனை நுண்முட்டை என்று எண்ணிச் சொல்வார்கள். முன்பு கொடுத்ததையும் பின்பு கொடுத்ததையும் ஒப்பிடாதீர்கள். நடுவில் மழை வந்துவிடுகிறது. இரத்தம் வந்துவிட்டால் மட்டும் சோதனையை அங்கேயே விட்டுவிட்டு இரண்டு பக்கத்துக்கும் மருந்து கொடுங்கள்.

ஆட்டுக்குட்டி விஷயம். கோழியிடமிருந்து ஒட்டவில்லை. ஐமீரியா மிகவும் பிடிவாதக்கார இனம். கோழியின் ஐமீரியா ஆட்டுக்கு ஏறாது, ஆட்டினுடையது கோழிக்கு ஏறாது, இரண்டும் மனிதருக்கு வராது. ஆனால் ஆட்டுக்கும் தனக்கென்று ஐமீரியா வகைகள் உண்டு. அவையும் ஈரத்தையும் நெருக்கடியையும் விரும்புகிறவை, அவையும் குட்டிகளைத்தான் பிடிக்கும். ஒரே மழை இரண்டு கொட்டகையையும் நனைத்திருக்கிறது, அவ்வளவுதான். குட்டிகளின் கழிச்சலுக்கு வேறு காரணங்களும் நிறைய உண்டு என்பதால் சாணப் பரிசோதனை இல்லாமல் மருந்து கொடுக்க வேண்டாம். குட்டி பால் குடிக்க மறுத்து, கண் உள்ளே போயிருந்தால் 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் வீட்டுக்கே வரும். அது வரும்வரை உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிக்கொண்டிருங்கள். புரையேறாமல், தலையை அதிகம் அண்ணாத்தாமல்.